ஊர் கூடினால்தான் தேர்: கொச்சி யூதர்களும் பத்துப் பேர் கணக்கும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளக்குறிச்சியில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதாவது ஒரு ஒலிபெருக்கியிலிருந்து மூன்று சொற்கள் காதில் விழும். ஆமென், அல்லேலூயா, ஓசன்னா. போன மாசம் அப்படி நடந்து போகும்போது கூட வந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஆமென்னா என்ன? தமிழா, இங்கிலீஷா?"

இரண்டும் இல்லை, ஹீப்ரு என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது. "அப்ப அதைச் சொல்ற ஆளுங்க எங்க இருக்காங்க?"

அந்தக் கேள்விக்கு நடுரோட்டில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. யூதர்களின் வழிபாட்டில் வரும் முக்கியமான சொற்களை, முன்பின் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். அகராதி போல வரிசையாக அடுக்கினால் எனக்கே தூக்கம் வரும். நமக்குப் பக்கத்தில் அந்தச் சொற்கள் பல நூற்றாண்டுகள் ஒலித்த ஒரு இடம் இருக்கிறது. அங்கே போய்விட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பக்கத்து ஊர்தான்

கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையிலோ யூதர்கள் வாழ்ந்ததாக எந்தத் தடயமும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் இங்கே பஸ் ஏறி சேலம் போய், ராத்திரி ரயிலைப் பிடித்தால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து படகில் மட்டாஞ்சேரி. இறங்கி நாலு எட்டு நடந்தால் 1568இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி. "பரதேசி" என்றதும் நம்மூர் வசவு ஞாபகம் வருகிறதா? இங்கே அதற்கு நேர்ப் பொருள்தான், வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள். ஸ்பெயின், மேற்காசியா என்று பல இடங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கொச்சி ராஜா கொடுத்த நிலத்தில், அவர் அரண்மனையை ஒட்டியே கட்டிய பள்ளி அது.

அவர்களுக்கும் மூத்தவர்கள் மலபார் யூதர்கள். அவர்கள் எப்போது வந்தார்கள் என்பதற்குப் பல கதைகள் உண்டு. கதைகளை விட்டுவிட்டுச் செப்பேடுகளைப் பார்ப்போம். கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் சிலர் ஹீப்ரு எழுத்தில் பாரசீக மொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து ஒரு செப்பேடு கொடுத்தான். பெற்றவர் பெயர் இசுப்பு இரப்பான். அதாவது யோசேப் ரப்பான். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையோடு பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று 72 உரிமைகள் அவருக்குக் கிடைத்தன. எழுத்து வட்டெழுத்து. மொழியோ, தமிழும் மலையாளமும் இன்னும் முழுசாகப் பிரியாத காலத்து மொழி. நாம் எழுத்துக்கூட்டிப் படித்தால் பாதியாவது புரியும்.

வந்தது எதற்காக? பெரிதும் மிளகுக்காக. கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து இன்றைக்கும் குடும்பம் குடும்பமாகக் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறார்கள். அதே மிளகுதான் கடல் தாண்டியும் ஆட்களை இழுத்து வந்தது.

பள்ளி, ஷூல், கூடும் வீடு

மலையாளத்தில் யூதர் வழிபாட்டிடத்துக்குப் பெயர் "பள்ளி". கிறிஸ்தவர், முஸ்லிம் இடங்களுக்கும் அதே சொல்தான். தமிழிலும் பழைய காலத்தில் சமண, பௌத்தத் துறவிகள் இருந்த இடம் பள்ளி. அதுவே பிறகு பாடசாலையானது. ஐரோப்பிய யூதர்கள் பேசும் யித்திஷ் மொழியில் இதே இடத்துக்கு "ஷூல்" என்று பெயர். அதற்கும் பள்ளிக்கூடம் என்றுதான் பொருள்! ஒருவர் சொல்லி ஒருவர் வைத்ததில்லை. வழிபாடும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடங்களுக்கு உலகம் முழுக்க இப்படித்தான் பெயர் அமைந்திருக்கிறது போல.

ஹீப்ருவில் பெயர் "பேத் கெனேசத்". நேராகச் சொன்னால் கூடும் வீடு. பழைய தமிழ் பைபிளில் இதை "ஜெபஆலயம்" என்றார்கள். கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் "தொழுகைக்கூடம்". இரண்டில் கூடம்தான் அசலுக்குப் பக்கத்தில் வருகிறது. ஏனென்றால் நம் கோயில் போல, சாமி உள்ளே இருக்கிறார், நாம் போய்ப் பார்க்கிறோம் என்ற எண்ணம் இங்கே இல்லை. ஆட்கள் கூட ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். இந்தக் "கூடுதல்" என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைக்கும் இதுதான் விஷயம்.

மட்டாஞ்சேரி பள்ளிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உலகின் பல ஊர்களில் யூதர்கள் காலணியோடுதான் தொழுகிறார்கள். கொச்சி யூதர்களோ நம்மைப் போல வெறுங்காலோடு. தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலப் பூ வேலைப்பாட்டுப் பீங்கான் ஓடுகள். மேலே கண்ணாடி எண்ணெய் விளக்குகள்.

மேற்குச் சுவரில் ஒரு மரப் பேழை. அதன் பெயர் ஹெகால். உள்ளே தோராச் சுருள்கள் இருக்கின்றன. தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். தோல்சுருளில் கையால் எழுதுவார்கள். மரபுக் கணக்குப்படி 3,04,805 எழுத்துகள். ஒரு எழுத்து பிழையானாலும் திருத்தும் வரை வாசிக்கக் கூடாது. பேழை ஏன் மேற்கில்? தொழுகிறவர்கள் எருசலேமைப் பார்த்து நிற்க வேண்டும், நமக்கு எருசலேம் மேற்கே. நம்மூர்ப் பள்ளிவாசலில் மக்காவை நோக்கி மேற்கே பார்ப்பதும் இதே கணக்குதான்.

கூடத்தின் நடுவில் சுற்றுக் கம்பி போட்ட ஒரு மேடை. அது தேவா. இங்கே நின்று ஒருவர் வழிபாட்டை நடத்துவார். அவர் பூசாரி இல்லை. ஹீப்ரு வாசிக்கத் தெரிந்த, குரல் உள்ள ஒருவர். அவருக்கு ஹஸான் என்று பெயர். "ரபி" என்பவர் சட்டம் படித்த ஆசிரியர். அவர் இல்லாமலும் தொழுகை நடக்கும். கொச்சியில் ரபி என்று யாரையும் நியமிக்காமல், படித்த பெரியவர்களே காலம் காலமாக நடத்திக்கொண்டார்கள்.

கொச்சிப் பள்ளிகளில் ஒரு விசேஷம் உண்டு. மாடியிலும் இரண்டாவது தேவா இருக்கும், பெண்கள் உட்காரும் பகுதிக்கு நேர் முன்னால். பண்டிகை நாட்களில் தோராவை மேலே கொண்டுபோய் அங்கிருந்து வாசிப்பார்கள். பெண்கள் ஹீப்ருப் பாடல்களும் பாடுவார்கள். மலையாளத்தில் தங்களுக்கென்றே பாட்டு வைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பாதுகாத்தார்கள்.

பலிக்குப் பதில் சொல்

ஆரம்பத்தில் யூத வழிபாடு இப்படி இல்லை. எருசலேமில் ஒரே ஒரு கோயில். அங்கே குருக்கள் காலையும் மாலையும் பலி கொடுத்தார்கள். கி.பி. 70இல் ரோமானியப் படை அந்தக் கோயிலை இடித்தது. கோயில் போய்விட்டது, பலிபீடம் போய்விட்டது, இனி என்ன செய்வது? பலிக்குப் பதில் சொல் என்று முடிவு செய்தார்கள். பலி நடந்த நேரங்களில் தொழுகை. சொல்லைக் கூடவே எடுத்துப் போகலாம், எந்த ஊரிலும் வைத்துக்கொள்ளலாம். கொடுங்கல்லூர் வரைக்கும் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை. காலையில் ஷஹரித், பிற்பகலில் மின்ஹா, இரவில் அர்வித் (ஐரோப்பிய வழக்கில் மாரிவ்). ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் கூடுதலாக ஒன்று, முஸாஃப். நேரம் கடிகாரத்தைப் பார்த்து இல்லை. சூரிய உதயத்திலிருந்து மறைவு வரைக்குமான பகலைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். அதனால் கோடையில் ஒரு "மணி" நீளம், குளிர்காலத்தில் குட்டை.

நாளும் மாலையில்தான் தொடங்கும். அதனால்தான் ஷபாத் என்ற ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் சாயும்போது வீட்டில் பெண்கள் விளக்கேற்றத் தொடங்கி, சனி இரவு நட்சத்திரம் தெரியும்போது முடிகிறது. தொடக்கத்தில் திராட்சை ரசக் கிண்ணத்தின் மேல் சொல்லும் வாழ்த்து கித்தூஷ். முடிவில் மணப்பொருளை முகர்ந்து, விளக்கொளியைப் பார்த்து விடைகொடுப்பது ஹவ்தாலா.

எந்த வேளை எதைச் சொல்வது என்று ஒழுங்குபடுத்திய புத்தகத்துக்குப் பெயர் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை! "ஒழுங்கு, வரிசை" என்று பொருள். 9ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் இருந்த அம்ராம் காவோன் என்ற அறிஞர், ஸ்பெயின் நாட்டு யூதர்கள் கேட்டதற்காக எழுதி அனுப்பியதுதான் முழுமையான முதல் சித்தூர் என்பார்கள். கொச்சிக்காரர்கள் தங்கள் முறைக்கு "ஷிங்லி வழக்கம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஷிங்லி என்பது கொடுங்கல்லூர். அந்த ஊரை விட்டு வந்த பிறகும் பெயரை விடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கத்துக்கான தொழுகைப் புத்தகத்தை ஆம்ஸ்டர்டாமில் அச்சடித்து வாங்கினார்கள்.

இரண்டு தூண்கள்: ஷெமா, அமிதா

சித்தூர் தடிமனான புத்தகம். ஆனால் முதுகெலும்பு இரண்டுதான்.

முதலாவது ஷெமா. "கேள்" என்று பொருள். மோசேயின் ஐந்தாம் நூலான உபாகமத்திலிருந்து வருகிறது. கடவுள் ஒருவரே என்று இஸ்ரயேல் மக்களைக் கூப்பிட்டுச் சொல்லும் வாக்கியம். காலையும் இரவும் சொல்ல வேண்டும். முதல் வரியைச் சொல்லும்போது கண்ணைக் கையால் மூடிக்கொள்வது பரவலான வழக்கம். கவனித்தீர்களா, இது கடவுளிடம் சொல்வது இல்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது.

இதன் பலத்துக்கு ஒரு கதை உண்டு. மகாராஷ்டிரக் கொங்கண் கரையில் பெனே இஸ்ரயேல் என்ற இன்னொரு யூத சமூகம். செக்கில் எண்ணெய் ஆட்டுவது தொழில். சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள் என்பதால் ஊரார் வைத்த பெயர் "ஷனிவார் தேலி", சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். வெளி யூதர்களின் தொடர்பு அற்றுப் பல தலைமுறை கழிந்ததில் ஹீப்ரு மறந்து, புத்தகம் போய், தொழுகை எல்லாம் போனது. ஷெமா மட்டும் வாயில் தங்கியிருந்தது என்பது அவர்கள் மரபு. செதில் உள்ள மீனை மட்டும் சாப்பிடுவது, சனி ஓய்வு, விருத்தசேதனம், ஷெமா ஆகியவற்றை வைத்துத்தான் ராகபி என்பவர் அவர்களை யூதர் என்று கண்டுகொண்டாராம்.

இரண்டாவது அமிதா. "நிற்பது" என்று பொருள். மூன்று வேளைக்கும் இதுதான் மையம். பாதங்களைச் சேர்த்து வைத்து, எருசலேமை நோக்கி நின்று, உதடு மட்டும் அசையச் சொல்வது. தொடங்கும் முன் மூன்று எட்டு முன்னால், முடிந்ததும் மூன்று எட்டு பின்னால், ராஜா முன்னிலிருந்து விலகுவது போல. இதற்கு "ஷெமோனே எஸ்ரே" என்று இன்னொரு பெயர் உண்டு. பதினெட்டு என்று அர்த்தம். ஆனால் எண்ணிப் பார்த்தால் வாரநாட்களில் 19 வாழ்த்துகள் இருக்கும்! பின்னால் ஒன்று சேர்ந்தது, பெயரை மாற்றவில்லை. ஓய்வுநாளில் ஏழுதான், அன்றைக்குக் கேட்டு வாங்கும் வேண்டுதல்கள் கிடையாது.

உதடு அசைய, குரல் வராமல் சொல்ல வேண்டும் என்பதற்கு யூத மரபு காட்டும் உதாரணம் ஒரு பெண். குழந்தை இல்லாத அன்னாள். அவள் அப்படி வேண்டியதைப் பார்த்து குருவே குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அந்த அன்னாளின் வேண்டுதல்தான் தொழுகைக்கு இலக்கணமாயிற்று.

வாயால் சொன்னால் போதாது, மனசும் அங்கே இருக்க வேண்டும். அதற்கு ஹீப்ருச் சொல் "கவனா". நம்ம "கவனம்" மாதிரியே இருக்கிறதே என்று உடனே கிளம்ப வேண்டாம்! அது "நேராகத் திருப்புதல், குறிவைத்தல்" என்ற பொருளுள்ள ஹீப்ரு வேரில் பிறந்தது. வெறும் ஒலி ஒற்றுமை. சாலமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த மயிலைக் குறிக்கும் "துகி" என்ற சொல் நம் "தோகை"யாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதற்கு வணிகம் என்ற காரணமாவது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அப்படி முடிச்சுப் போட முடியாது.

உடுப்பும் பெயரும்

உடுத்துவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் கிப்பா என்ற சின்னக் குல்லா. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் கை எம்பிராய்டரி கடை வைத்து கிப்பா தைத்துக்கொண்டிருந்த சாரா கோஹனைப் பலர் பார்த்திருப்பீர்கள்; 2019இல் 96 வயதில் காலமானார். தோளில் தல்லித் என்ற மேலாடை, நாலு மூலையிலும் முடிச்சிட்ட குஞ்சங்கள். வாரநாள் காலையில் தெஃபிலின்: தோராப் பகுதிகளை எழுதி உள்ளே வைத்த இரண்டு கறுப்புத் தோல் பெட்டிகளை வாரால் புஜத்திலும் நெற்றியிலும் கட்டுவது. ஓய்வுநாளில் கட்டுவதில்லை. வாசல் நிலையில் மெஸூசா என்ற சிறு கூடு, அதற்குள் ஷெமா எழுதிய தோல் துண்டு.

பெயர் விஷயம் இன்னும் சுவாரசியம். கடவுளின் பெயரை நாலு மெய்யெழுத்தில் எழுதுவார்கள். ஆனால் வாசிக்கும்போது அதை உச்சரிக்கவே மாட்டார்கள். தொழுகையில் அந்த இடத்தில் "அதோனாய்", என் தலைவர், என்று சொல்வார்கள். சாதாரணப் பேச்சில் அதுவும் இல்லை. "ஹாஷேம்", அதாவது அந்தப் பெயர். பெரியவர் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு "அவரு" என்று சொல்லும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கூச்சம் கிரேக்க மொழிபெயர்ப்பில் "தலைவர்" ஆகி, பல மொழி கடந்து தமிழ் பைபிளில் "கர்த்தர்" ஆனது. கள்ளக்குறிச்சி ஒலிபெருக்கியில் "கர்த்தர்" என்று கேட்கும்போதெல்லாம், சொல்லப்படாத ஒரு பெயருக்கான மாற்றுச்சொல்லைத்தான் கேட்கிறோம்.

பத்துப் பேர்

இனி முக்கியமான சொல்லுக்கு வருவோம். மின்யான். "எண்ணிக்கை" என்று பொருள்.

ஷெமாவையும் அமிதாவையும் வீட்டில் தனியாகச் சொல்லலாம். ஆனால் சில பகுதிகளுக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். (சீர்திருத்தப் பிரிவுகளில் இன்று பெண்களையும் எண்ணுகிறார்கள்.) பத்து என்ற எண் எங்கிருந்து? கானான் தேசத்தை உளவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் தப்பான செய்தி சொன்னார்கள். அவர்களைத் தோரா "சபை" என்கிறது. ஆக, சபை என்றால் பத்து. கெட்ட செய்தி சொன்னவர்களை வைத்து நல்ல காரியத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்!

பத்து சேராவிட்டால் என்னென்ன நின்றுபோகும்? வழிபாட்டைத் தொடங்கிவைக்கும் "பரெகு" அழைப்பு இல்லை. எல்லோரும் சேர்ந்து கடவுளைப் பரிசுத்தர் என்று சொல்லும் "கெதுஷா" இல்லை. திங்கள், வியாழன், சனி என்று வரும் தோரா வாசிப்பை முறைப்படி நடத்த முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, கதீஷ் இல்லை.

கதீஷ் என்பது செத்தவர்களுக்காகச் சொல்வது. மொழி ஹீப்ரு இல்லை, அந்தக் காலத்துச் சாதாரண ஜனம் பேசிய அராமிக். அதில் சாவு என்ற சொல்லே கிடையாது. முழுக்கக் கடவுளைப் புகழ்வது. அப்பா அம்மா போனால் பிள்ளை பதினொரு மாதம் சொல்ல வேண்டும். நடு நடுவே கூடியிருப்பவர்கள் "ஆமென்" சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும். அதாவது, துக்கம் உள்ளவன் வீட்டில் முடங்கிக் கிடக்க முடியாது. தினமும் இன்னும் ஒன்பது பேர் இருக்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும். அந்த ஒன்பது பேரும் அவனுக்காக வந்தாக வேண்டும்.

யாரை எண்ணுவது?

எண்ணிக்கை என்று வந்தாலே யாரை எண்ணுவது என்ற கேள்வியும் வந்துவிடும். நம்ம ஊர் வியாதி கொச்சிப் பள்ளிக்குள்ளும் புகுந்தது.

பரதேசி யூதர்கள் தங்களை "வெள்ளையர்" என்றும், மலபார் யூதர்களைக் "கறுப்பர்" என்றும் பிரித்து, பெண் கொடுக்காமல் எடுக்காமல் இருந்தார்கள். பரதேசிகளின் வீடுகளில் அடிமையாக இருந்து, யூதர்களாகி, விடுதலை பெற்றவர்களின் வம்சத்தார் இன்னும் கீழே. ஹீப்ருவில் அவர்கள் பெயர் மெஷுஹ்ராரிம். அவர்கள் பள்ளிக்குள் மற்றவர்களோடு பலகையில் உட்காரக் கூடாது. வெளி அறையிலோ தரையிலோதான் இடம். தோரா வாசிக்க மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த விவகாரம் எகிப்தில் இருந்த தாவீது இப்ன் ஸிம்ரா என்ற பெரிய ரபியிடம் போனது. முறைப்படி சேர்ந்தவர்கள் முழு யூதர்கள்தான் என்று அவர் தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்தது, வழக்கம் மாறவில்லை.

அந்த வம்சத்தில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். (பக்கத்து ஊர்க்காரர் இல்லை, பெயர் ஒற்றுமைதான்.) மெட்ராஸில் சட்டம் படித்தார். வக்கீலானார், கொச்சி சட்டசபையில் உறுப்பினரானார், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனார். வெளியே தொழிலாளர்களுக்காகவும் பேசினார். சொந்தப் பள்ளிக்குள் மட்டும் அவருக்குப் பலகையில் இடமில்லை. காந்தி காட்டிய வழியிலேயே அதற்குள் சத்தியாக்கிரகம் நடத்தினார். "யூத காந்தி" என்று பெயரே வந்தது. ஒரே நாளில் ஒன்றும் நடக்கவில்லை. வருஷக்கணக்கில் ஒவ்வொரு தடையாகத் தளர்ந்தது. வைக்கம் போராட்டம் கோயில் தெருவில் நடந்ததைப் படிக்கிறோம். அதே கேரளத்தில் யூதப் பள்ளிக்குள்ளும் ஒரு போராட்டம் நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது.

எண்ணிக்கை குறைந்த கதை

1948இல் இஸ்ரேல் நாடு உருவானது. 1950களின் நடுவில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். யாரும் விரட்டவில்லை. எருசலேமுக்குத் திரும்ப வேண்டும் என்று தினம் மூன்று வேளை அமிதாவில் சொன்னவர்கள் அவர்கள். வாய்ப்பு வந்ததும் போனார்கள். அங்கே நேகேவ் பாலைவனத்தில் நேவாதிம் என்ற கிராமத்தில் கொச்சிப் பள்ளி மாதிரியே ஒன்று கட்டிக்கொண்டார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியின் மர உட்புறம் முழுசாகப் பிரிக்கப்பட்டு எருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

1968இல் பரதேசிப் பள்ளியின் 400ஆவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வந்தது. கொண்டாட ஆள்தான் குறைந்துகொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் பத்து சேர்வதில்லை. எர்ணாகுளத்தில் மிச்சமிருந்த மலபார் யூதர்கள் வர வேண்டும், அல்லது வெளிநாட்டு யூதப் பயணிகள் யாராவது வந்திருக்க வேண்டும். யாரோடு சேர்ந்து எண்ண மாட்டோம் என்று சில நூற்றாண்டுகள் சொன்னார்களோ, கடைசியில் அவர்கள் வந்தால்தான் எண்ணிக்கை. அந்த இடத்தில் நின்று இதை யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெட்ராஸ் கதை இன்னும் சுருக்கம். 17ஆம் நூற்றாண்டில் வைர, பவள வியாபாரத்துக்காக வந்த போர்ச்சுகீசிய யூதர்கள் அங்கே இருந்தார்கள். பவளக்காரத் தெரு என்ற பெயர் அந்த வியாபாரத்தின் நினைவு. ஜாக் டி பைவா என்ற வைர வணிகர் 1687இல் அங்கே இறந்தார். பழைய கல்லறைக் கற்கள் பின்னாளில் ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலைப் பக்கம் இடம் மாற்றப்பட்டன. கற்கள் இருக்கின்றன, அவர்களுக்காகக் கதீஷ் சொல்லக் கூடும் பத்துப் பேர் ஊரில் இல்லை.

ஆமென்

நம் பக்கத்தில் "ஊர் கூடித் தேர் இழுக்கணும்" என்பார்கள். தேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வடம் பிடிக்க ஆள் வேண்டும். கல்வராயன் மலைக் கிராமங்களில் திருவிழா நெருங்கும்போது முதல் கவலை, மிளகுக்கும் காப்பிக்கும் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்களா என்பதுதான். வந்தால் திருவிழா. நாம் அதை எழுதி வைக்கவில்லை. அவர்கள் எழுதி, எண்ணும் போட்டுவிட்டார்கள். அந்த எண்தான் இரண்டாயிரம் வருஷம் அவர்களை ஒன்றாக வைத்தது. அதே எண்தான் மட்டாஞ்சேரியில் தொழுகையை நிறுத்தியது. கட்டடம் கச்சிதமாக இருக்கிறது, விளக்கு, ஓடு, பேழை எல்லாம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

அக்கா மகனுக்கு நான் பாக்கி வைத்த பதில் இதோ. அல்லேலூயா என்றால் யாவைப் புகழுங்கள். யா என்பது அந்தச் சொல்லாத பெயரின் சுருக்கம். ஓசன்னா என்றால் காப்பாற்றும். அவர்களுடைய கூடாரப் பண்டிகையில் கிளைகளைப் பிடித்துக்கொண்டு சொல்வது. ஆமென் என்றால் உறுதி, அப்படியே ஆகட்டும். பொதுவாக ஒருவர் தான் சொன்ன வாழ்த்துக்குத் தானே ஆமென் சொல்வதில்லை. இன்னொருவர் சொன்னதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அதனால் அந்தச் சொல்லுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்டா தம்பி. முழுசாகச் சொல்ல, பத்துப் பேர்.